அளவு ஜாக்கெட்

...பொண்ணு என்று முதலில் சொன்னது யார், நானா, அவளா, அது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ரெனிதா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், அம்பத்தூரில் ரயில் ஏறியதிலிருந்து இது நாலாவது தடவை, செவ்வாய்க்கிழமை வந்த அந்தப் போனை ஹலோவிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள், போட்டோக்கார அக்காவா என்றது அவள், ஆமா சொல்லுங்க என்றது நான், அந்த ஜாக்கெட் யார் தச்சதுக்கா என்றது அவள், பிறகு பேச்சில் நெமிலிச்சேரி வந்தது, நீல கேட் வந்தது, கடைசியில் அந்த வாக்கியம் வந்தது, "அவங்க பொண்ணு இஸ்கூல் உட்டு வர்துக்குள்ள போயிட்டு வந்துர்றேங்க்கா"... செவ்வாய்க்கிழமை அது காதில் நுழைந்து அப்படியே வெளியே போய்விட்டது, இரண்டு நாள் எங்கே போய் ஒளிந்திருந்ததோ, இன்று மதியம் சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. டெய்லர் ஞானகுமாரிக்குப் பொண்ணு இருப்பது போனில் பேசியவளுக்கு எப்படித் தெரியும்? கையைக் கழுவாமலே ஞானத்துக்குப் போன் போட்டாள், ஸ்விட்ச் ஆஃப், மறுபடி போட்டாள், ஸ்விட்ச் ஆஃப், ரசம் சாதம் அப்படியே இருக்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முகப்பேரிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள், வரும் வழியில் ஹெல்மெட்டுக்குள் தன் குரலே தனக்குக் கேட்டது, நான்தான் சொல்லியிருப்பேன், எனக்குத்தான் ஓட்டை வாயாச்சே.

ஓட்டை வாய் என்று ஒப்புக்கொள்வதில்கூட ஒரு நிம்மதி இருந்தது, ஏனென்றால் ரெனிதா சொல்லியிருந்தால் ஆபத்தில்லை, சொல்லாவிட்டால் அந்தக் குரலுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதுதான் ஆபத்து. ஆனால் பொண்ணைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் அவள். ஞானம் மூன்றே மூன்றுதான் கேட்டாள், விரலை மடக்கி மடக்கி, "மூஞ்சி வேணாங்க்கா, பேரு வேணாம், ஷாரனப் பத்தி ஒரு வார்த்தை வேணாம், மத்தது இன்னா வேணா எய்திக்கோ", ரெனிதாவும் சரி சரி என்று தலையாட்டினாள், மூன்றையும் நூல் பிசகாமல் காப்பாற்றினாள், முகம் இல்லை, பேர் இல்லை, மகள் இல்லை, இதை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்டதையெல்லாம் செய்தேனே... செய்தாய், யார் இல்லை என்றது? இந்த இரண்டாவது குரல் யாருடையது என்று ரெனிதாவுக்குத் தெரியவில்லை, அம்பத்தூரிலிருந்து அதுவும் டிக்கெட் வாங்காமல் கூடவே வருகிறது. வண்டி திருமுல்லைவாயிலில் நின்று கிளம்பியது, எதிர் சீட்டில் ஒரு பெண் ஜன்னல் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், ரெனிதா அவள் முதுகைப் பார்த்தாள், இந்த ஒரு மாதமாக முகங்களைவிட முதுகுகள்தான் கண்ணில் படுகின்றன, எல்லாம் ஞானத்தின் அந்த ஒரு படத்தால் வந்த வினை.

பதினாலு வருஷம் கல்யாணப் படம் எடுத்தவள் ரெனிதா, மணப்பெண்ணின் முகவாயை இரண்டு விரலால் தூக்கி கொஞ்சம் சிரிங்க சிஸ்டர் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே சிரிப்பு மறந்துபோனது, அப்போதுதான் இந்த யோசனை, சாதாரணப் பெண்கள், அவரவர் வீட்டில், அவரவர் கதையோடு, மேக்கப் இல்லாமல், இருபத்தொரு படம், மகளிர் தினத்தன்று முகப்பேரில் அவர்கள் ஃப்ளாட் கம்யூனிட்டி ஹாலில் கண்காட்சி. அவளுக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள், டீ குடிப்பாள், மின்விசிறியைப் பாராட்டுவாள், பிறகு சும்மா கேட்பது போல ஒன்று கேட்பாள், கடைசியா உங்களுக்குன்னு எப்ப ஒரு போட்டோ எடுத்துக்கிட்டீங்க? பெண்கள் சிரிப்பார்கள், ஆதார் கார்டுக்கு என்பார்கள், ரேஷன் கார்டுக்கு என்பார்கள், அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டும் ரேணுகா, லைசென்ஸுக்கு எடுத்ததுதான், அதுலயும் திருடி மாதிரி கீறேன் என்றாள், சிரித்து முடித்ததும் ஒரு நிமிஷம் பேச்சே இருக்காது, அந்த நிமிஷத்தில் ரெனிதா வாயைத் திறக்கமாட்டாள், எதிரில் இருப்பவள்தான் திறக்க வேண்டும், திறந்தால் கதை கொட்டும். அது ஒரு திறமை என்று எல்லாரும் சொன்னார்கள், ரெனிதாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அது என்ன திறமை, பூட்டைத் திறக்கிற திறமைதானே, திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு வந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஞானகுமாரியை நாத்தனார் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த வகையில் பழக்கம், முப்பத்தொரு வயது, நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிஷ நடையில் மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை, ஒரு மிஷின், ஒரு கட்டில், ஆறாவது படிக்கும் ஷாரன். அவள் தைக்கும் ஜாக்கெட்டின் முதுகுக் கழுத்தில் ஒரு முடிச்சு இருக்கும், மிச்சத் துணியை மெல்லிய கயிறாகச் சுருட்டி மூன்று முறை வளைத்து உள்ளே இழுத்து முடிந்தது, பார்த்தால் மொட்டு மாதிரி, எப்படிப் போடுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாலும் பிடிபடாது. இது எங்க கத்துக்கிட்ட என்று ரெனிதா கேட்டாள், கேமரா இன்னும் பையில்தான் இருந்தது. ஞானம் நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள், "கத்துக்கலக்கா, ஓட்டைய மறைக்கப் போட்டது." எண்ணூரில் இருந்தபோது, கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டதாம், புருஷன் ஜாபஸ் தன் சட்டைக்குப் போட்டுக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை அப்படியே எடுத்து, மெரூன் ஜாக்கெட் போட்டு நின்றவளின் முதுகில் வைத்தான். காயம் ஆற ஒரு மாசம், ஜாக்கெட்டில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை, நல்ல ஜாக்கெட் அது ஒன்றுதான், ஓட்டை மேல் முடிச்சைப் போட்டு மறுபடி சர்ச்சுக்குப் போனாள். "எல்லாரும் டிசைனுன்னு நெனச்சாங்கக்கா, எங்க தச்சன்னு கேட்டு நாலு பேரு துணி குட்த்தாங்க, அதான் என் பொயப்பு." எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குத் தெரியாமல் மூன்று வயது ஷாரனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டாளாம், அந்த மெரூனை மட்டும் பீரோவிலேயே விட்டுவிட்டாளாம், அத்த தொட மன்சு வர்லக்கா என்றாள். ரெனிதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது, அழுகை வந்தது, கூடவே, இதை இப்போது ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும், ஒரு சந்தோஷமும் வந்தது.

முகம்தானே வேண்டாம்? முதுகு இருக்கிறதே. வாசல் பக்கமிருந்து காலை வெயில், ஞானம் மிஷினுக்கு முன்னால் வாசலுக்கு முதுகு காட்டி, பச்சை ஜாக்கெட், முடிச்சு, ஒரு பக்கமாய் ஒதுக்கிவிட்ட பின்னல், திரும்பாத ஞானம், அப்படியே இரு, திரும்பாத, என்று சொல்லிச் சொல்லி நாற்பது தடவை சொடுக்கினாள். கீழே கதையையும் அவளே எழுதினாள், ஒரு சூட்டுக் காயத்தை மறைக்கப் போட்ட முடிச்சு இது, இன்று நூறு பெண்களின் முதுகில் பூக்கிறது... பூக்கிறதாம், அந்த ஒரு சொல்லுக்காக அரை நாள் யோசித்தாள், அரை நாளில் ஐந்து நிமிஷம் ஜாபஸ் என்ற ஒருவனைப் பற்றி யோசித்திருக்கலாம். அந்த முடிச்சு உலகத்தில் யாருக்குத் தெரியாமல் போனாலும் அவனுக்குத் தெரியாமல் போகுமா, அவன் கையால் விழுந்த ஓட்டையல்லவா அது? முகத்தை மறைத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாள் என்று கேமராக்காரிக்குத் தோன்றலாம், எட்டு வருஷமாகத் தேடுகிறவனுக்கு எதற்கு முகம்? ஹாலில் அந்தப் படத்தைத்தான் எல்லாவற்றிலும் பெரிதாகப் போட்டு வாசலுக்கு நேராக மாட்டினாள், ஐந்தாம் மாடி ராஜகுமாரி மேடம் அதற்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தன் போன் நம்பரோடு இன்ஸ்டாகிராமில் போட்டதற்குப் பதினோராயிரம் லைக், ரெனிதாவுக்கு உச்சி குளிர்ந்து போனது, ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. பதினோராயிரம் பேர் என்றபோது பதினோராயிரமும் நல்லவர்கள் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஆவடி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. சிக்னல். மணி இரண்டு நாற்பது, மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும், எதிர் சீட்டுக்காரி திட்டி முடித்துவிட்டு வாட்டர் பாட்டிலைத் திறந்தாள். ரெனிதா ரூபஸுக்குப் போன் போட்டாள், ஆபீஸில் மீட்டிங்கில் இருந்த புருஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரெனி, ஒரு லேடி டெய்லர் அட்ரஸ் கேட்டிருக்காங்க, நீ குடுத்த, இதுல என்ன இருக்கு? உனக்கு எல்லாமே சினிமாதான்" என்றான், அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது, நல்ல டெய்லரை ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வது ஊரில் இல்லாத விஷயமா, அதுவும் கேட்டது பெண் குரல், ஆண் குரலாக இருந்தால் ரெனிதா உஷாராகியிருப்பாள், நிச்சயமாக ஆகியிருப்பாள்... ஆகியிருப்பாயா? போலீசுக்குப் போனால் என்ன சொல்வது, ஐயா, ஒரு பொம்பளை ஜாக்கெட் தைக்கணும்னு சொன்னா என்றா? சரி, மறுபடி ஓட்டு. அந்தக் குரல் சின்னக் குரல், இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு இடைவெளி விட்டாள், சிக்னல் சரியில்லை என்று அப்போது நினைத்தாள், இப்போது நினைத்தால் பக்கத்திலிருந்து யாரோ சொல்லிக் கொடுக்க, கேட்டுக் கேட்டுச் சொன்னது போல இருக்கிறது. எந்த ஸ்டேசன்ல எறங்கணும்... இடைவெளி... எந்தப் பக்கம் போவணும்... இடைவெளி... ஒரே ஒரு கேள்விதான் இடைவெளி இல்லாமல் சட்டென்று வந்தது, "அவங்க நல்லா கீறாங்களாக்கா?" ஜாக்கெட் தைக்க வருகிறவளுக்கு டெய்லர் நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ரெனிதாவுக்கு அப்போது தோன்றவே இல்லை, நல்லா இருக்காங்கம்மா, எப்பப் போனாலும் வீட்லதான் இருப்பாங்க, தனியாத்தான் இருப்பாங்க, கூச்சப்படாம போங்க என்றாள்.

தனியாத்தான் இருப்பாங்க. ரெனிதா சீட்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள், வண்டி நகரவில்லை என்பது தெரிந்தும் எழுந்து கதவுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தனியாக இருப்பாள் என்று சொன்ன வாய் மகள் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்லியிருக்கும்? சொல்லவில்லை. நான் சொல்லவில்லை, எழுதவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது. கர்த்தரே கர்த்தரே என்று வாய் தானாகச் சொன்னது, நீல கேட், ரேஷன் கடை தாண்டி இரண்டாவது சந்து, மாடிப்படிக்குக் கீழே, போட்டோக்கார அக்கா அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, நல்லா கவனிப்பாங்க, இத்தனையையும் வாரிக் கொடுத்திருக்கிறாள், கேட்டதற்கு மேலேயே கொடுத்திருக்கிறாள், ஏன் கொடுத்தாள்? ஏழைப் பெண்ணுக்கு நாலு கஸ்டமர் கிடைக்கட்டும் என்று. அது மட்டும்தானா? என் படத்தைப் பார்த்து ஒருத்தி தேடி வருகிறாளே என்ற பூரிப்பும்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, இந்துக் கல்லூரி வந்தது, பட்டாபிராம் வந்தது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் அவசரமில்லாமல் இறங்கி அவசரமில்லாமல் ஏறினார்கள், எல்லாரையும் பிடித்துத் தள்ளவேண்டும் போலிருந்தது.

நெமிலிச்சேரியில் இறங்கி ஓடாமல் நடந்தாள், ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று ஆகிவிடும், நடந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம், முட்டாள்தனம்தான், தெரிந்தே நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது, ரேஷன் கடை சாத்தியிருந்தது, அதன் நிழலில் ஒரு பைக் நின்றது, பைக்கில் யாருமில்லை, பெட்ரோல் டேங்க்மேல் ஒரு ஹெல்மெட், பைக் என்றால் நிற்கத்தான் செய்யும், இந்த ஊரில் நிழல் இருக்கும் இடத்திலெல்லாம் பைக் இருக்கும். இரண்டாவது சந்து. நீல கேட் திறந்திருந்தது. அவள் நின்றாள், காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், அப்புறம் கேட்டது, தையல் மிஷின் ஓடும் சத்தம், ஓடி நின்று மறுபடி ஓடியது, கேட்டைப் பிடித்துக்கொண்டாள், ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஞானம் எட்டிப் பார்த்தாள், "இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே, மூஞ்செல்லாம் வேத்து ஊத்திகினு கீது, உள்ள வா." போன் என்னாச்சு என்றாள் ரெனிதா, அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அத்த ஏன் கேக்குற, சார்ஜ் ஏறவே இல்ல, காலீல கடைல குட்த்துட்டேன், பின்னு போய்ச்சாம்." பின்னு போய்விட்டதாம். ரெனிதா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள், தண்ணீரை வாங்கி முகத்திலும் ஊற்றிக்கொண்டு சிரித்தாள், ரூபஸ் சொன்னது சரி, எல்லாமே சினிமாதான், இனிமேல் ஒரு மாதம் அவன் இதைச் சொல்லிக் காட்டிக் கொல்லுவான், கொல்லட்டும்.

"நீ அனுப்புன கஸ்டமரு வந்துச்சுக்கா, பன்னண்டு மணி இருக்கும்," என்றாள் ஞானம், நூல் அறுந்த ஊசியில் நூல் கோக்க மறுபடி மிஷினுக்குத் திரும்பிக்கொண்டு. "சின்னப் பொண்ணு, மாசமா கீது பாவம், இந்த வெயில்ல ஒண்டியா வந்துச்சு. டேப்ப எட்த்தா வேணாம் வேணாம்னு முந்தானைய இயுத்துப் போத்திக்கிது, அளவு ஜாக்கெட்டு கொண்ணாந்துக்கிறேன், அத்த வெச்சே தச்சுருன்னுச்சு, கைல வெச்சிட்டுக் கிளம்பிருச்சு. வாசல் வரிக்கும் போய் திரும்பி வந்து, அக்கா இன்னிக்கே பிரிச்சுப் பாத்துருங்கன்னுச்சு. ரெண்டு வாட்டி சொல்லிச்சு. அவுத்துப் பாக்க இன்னா கீது, அளவு ஜாக்கெட்டுதானே, எல்லாத்துக்கும் அவசரம் இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு." ரெனிதாவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் என்ன சொன்னா என்றாள். "ஒண்ணியும் இல்லக்கா. பொண்ணு எப்ப வரும்னுச்சு, மூணே முக்காலுக்கு உடுவாங்கன்னேன், இன்னிக்கி நீங்களே போய் இட்டாந்துருங்க, வெயிலா கீதுன்னுச்சு. நல்ல மன்சு. தையல் முடிஞ்சா போலாம்னு கீறேன்." சுவரில் இருந்த கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. கட்டில் ஓரத்தில், ரெனிதாவின் கைக்கு எட்டும் தூரத்தில், துணிக்கடை மஞ்சள் பை ஒன்று வாய் மடிக்கப்பட்டுக் கிடந்தது.

பிரித்தாள். மெரூன். பழைய பட்டு, மடிப்பில் சாயம் போயிருந்தது, பீரோ வாசனை அடித்தது, எடுக்கும்போதே அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது, கணினியில் நாற்பது படத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த முடிச்சு அது, மொட்டு மாதிரி, முதல் முடிச்சு, இப்போது போடுவது போல் அவ்வளவு நேர்த்தியாக இல்லை. உள்பக்கத்தைத் திருப்பினாள், முடிச்சுக்கு அடியில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கருகி. இதை அவன் கொடுத்தனுப்பினானா, நீ இருக்கும் இடம் தெரியும் என்று சொல்ல? இல்லை, இப்போது அவனோடு குடும்பம் நடத்தும் இந்தச் சின்னப் பெண்தான் அவனுக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்து வந்தாளா, வாயால் சொல்லப் பயந்து, இதைப் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று? டேப்பை முதுகில் வைக்க ஏன் விடவில்லை அந்தப் பெண், அந்த முந்தானைக்கு அடியில் என்ன இருந்தது? நல்லா கீறாங்களா என்று இடைவெளி இல்லாமல் கேட்டாளே... நீங்களே போய்க் கூட்டி வாங்க என்றது காப்பாற்றவா, வெளியே வரவழைக்கவா, ஸ்கூலுக்கு ஓடுவதா, கதவைச் சாத்துவதா, ரேஷன் கடை நிழலில் அந்த பைக், அதன் பக்கத்தில் ஏன் ஆளே இல்லை? எதிரே ஞானம் வாசலுக்கு முதுகு காட்டி, அதே மிஷின், அதே பச்சை ஜாக்கெட், பின்னல் ஒரு பக்கம், வெயில்கூட அன்று போல வாசலைத் தாண்டி வந்து அவள் கழுத்தில் விழுந்திருந்தது, "இன்னாக்கா, சத்தத்தையே காணோம்?" என்றாள், திரும்பவில்லை. திரும்பாதே திரும்பாதே என்று நாற்பது தடவை சொன்ன வாய். இந்தப் பெண்ணின் முகத்தை நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்பது ரெனிதாவுக்கு நினைவு வந்தது, இப்போது கூப்பிட்டதும் திரும்பப் போகும் அந்த முகத்தைத்தான் இனி எந்தக் கேமராவும் இல்லாமல் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது, மணி மூன்று இருபத்தேழு, ஜாக்கெட்டைப் பைக்குள் திரும்ப வைத்துவிட முடியுமா என்று அவள் கை ஒரு நொடி யோசித்தது, பிறகு, "ஞானம்," என்றாள், "இங்க திரும்பு."